ஆபத்து வந்தால் மட்டும் ஒரு ஜெனரல்

சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில், ஊஷி ஏரிக்கரையில், குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் சிலை இருக்கிறது. பல வருடங்களாக வேலைக்குப் போகும் வழியில் அதைக் கடந்திருக்கிறேன். ஊரில் இராணுவத்துக்குப் பயந்து ஓடி வந்தவன் நான். இராணுவ உடையில் நிற்கும் எந்தச் சிலையையும் நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு இருக்கவில்லை.

மகனுக்கு 18 வயதானபோது அவன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. படைச் சேவை பற்றிய அறிமுக நாளுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சுவிஸ் பிரஜாவுரிமை பெற்ற ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் அது வரும். அன்றிரவு தொலைபேசியில் ஊரிலிருந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் அழத் தொடங்கிவிட்டார். வீட்டுக்கொரு பிள்ளை என்று கூட்டிப்போன காலத்தில் வாழ்ந்தவர் அவர். கூட்டிப்போன பிள்ளை திரும்பி வரும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் குதிரை வீரர் யார் என்று தேடிப் படித்தேன். அவர் பெயர் ஹென்றி கிசான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்த நாட்டின் ஜெனரலாக இருந்தவர்.

1874 ஒக்டோபரில் வோ மாநிலத்தின் மெசியேர் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை நாட்டுப்புற வைத்தியர். கிசான் படித்துவிட்டு விவசாயத்துக்குப் போனார். லொசானுக்கு அருகே புயி என்ற இடத்தில் ஏரியோரமாக அவருடைய வீடு இருந்தது. 1894 இல் பீரங்கிப் படையில் லெப்டினன்ட் ஆனார். பண்ணையும் படையும் ஒன்றாகவே நடந்தன. அது அவருடைய தனிப்பட்ட திறமை அல்ல. இந்த நாட்டின் படையே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இங்கே முழுநேரப் படையினர் மிகச் சிலர். மற்றவர்கள் எல்லோரும் தச்சர், ஆசிரியர், வங்கி ஊழியர், விவசாயி. முதலில் சில மாதங்கள் ஆரம்பப் பயிற்சி. பிறகு வருடத்தில் சில வாரங்கள் மீள்பயிற்சி. எந்த அதிகாரியும் நேரடியாக அதிகாரியாக வருவதில்லை. எல்லோரும் சாதாரண சிப்பாயாகத்தான் தொடங்குகிறார்கள். அதிலிருந்து கோப்ரல், சார்ஜன்ட், லெப்டினன்ட், கப்டன், மேஜர், கேணல் என்று படி ஏறுகிறார்கள். வங்கி முகாமையாளர் சிப்பாயாகவும் அவருக்குக் கீழே வேலை செய்பவர் கப்டனாகவும் இருக்கக்கூடும். கேணலுக்கு மேலே பிரிகேடியர், டிவிசன் தளபதி, கோர் தளபதி. சமாதான காலத்தில் ஏணி அதோடு முடிகிறது. இன்று படைத் தலைவராக இருப்பவரும் கோர் தளபதிதான்.

ஜெனரல் என்ற பதவி சமாதான காலத்தில் இங்கே இல்லை. நாட்டுக்குப் பெரிய ஆபத்து வந்து, பெருந்தொகையான படையினரை அழைக்க வேண்டிய நிலை வந்தால் மட்டுமே ஒரு ஜெனரல் உண்டு. அவரைத் தெரிவு செய்வது அரசாங்கமோ படையோ அல்ல, நாடாளுமன்றம். 1848 இல் இன்றைய சுவிஸ் அரசு உருவான காலம் முதல் இன்றுவரை நான்கு பேர் மட்டுமே அந்தப் பதவியில் இருந்திருக்கிறார்கள்: டுஃபூர், ஹேர்சோக், வில்லே, கிசான்.

கிசான் 1932 இல் கோர் தளபதியானார். 1939 ஓகஸ்ட் 30 அன்று, ஜேர்மனி போலந்துக்குள் நுழைவதற்கு இரண்டு நாட்கள் முன்பு, நாடாளுமன்றம் 204 வாக்குகளால் அவரை ஜெனரலாகத் தெரிவு செய்தது. அடுத்த சில நாட்களில் 4 இலட்சத்து 30 ஆயிரம் பேர் ஆயுதத்தோடு அழைக்கப்பட்டார்கள். அப்போது நாட்டின் சனத்தொகை சுமார் 42 இலட்சம். பத்தில் ஒருவர் சீருடையில் நின்றார்.

முதலாம் உலகப் போரில் இப்படி அழைக்கப்பட்டவர்களின் வீடுகளில் வருமானம் நின்றுபோனது. பசியும் கோபமும் சேர்ந்து 1918 இல் நாடு தழுவிய வேலைநிறுத்தமாக வெடித்தது. அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1940 தொடக்கத்திலிருந்து, சேவையில் இருப்பவருக்கு இழந்த சம்பளத்தின் ஒரு பகுதியை ஈடுசெய்யும் திட்டம் வந்தது. மகன் பயிற்சிக்குப் போனபோது அவனுக்குக் கிடைத்த கொடுப்பனவும் அந்த வழியில் வந்ததுதான்.

1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. வடக்கே ஜேர்மனி, தெற்கே இத்தாலி, இப்போது மேற்கிலும் ஜேர்மன் படை. சரணடைவதே புத்தி என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். ஜூலை 25 அன்று கிசான் பற்றாலியன் தளபதிகள் முதல் மேல்மட்டம் வரையான அதிகாரிகளை ஒரே கப்பலில் லுசேர்ன் ஏரி வழியாக ரூட்லி புல்வெளிக்கு அழைத்துப் போனார். இந்த நாடு பிறந்ததாகக் கதைகள் சொல்லும் இடம் அது. ஒரு குண்டு விழுந்திருந்தால் படையின் தலைமை முழுதும் போயிருக்கும். அங்கே அவர் தம் திட்டத்தை விளக்கினார். எல்லைகளில் பரவி நிற்பதை விட்டு, அல்ப்ஸ் மலைகளுக்குள் படையை ஒடுக்கி, சென்மொறிஸ், கொத்தார்ட், சார்கான்ஸ் என்ற மூன்று கோட்டைகளைப் பற்றி நிற்பதே அது.

மலைக்குள் போன சிப்பாயின் மனைவி பிள்ளைகள் கீழே சமவெளியில் இருந்தார்கள். எதிரி வந்தால் முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் வந்திருப்பான். அவர்களை அங்கே விட்டுவிட்டு, மலையைக் காக்கச் சொன்ன தளபதியை அந்தச் சிப்பாய்கள் நம்பினார்கள். கடைகளிலும் வீடுகளிலும் அவர் படம் தொங்கியது. கட்டளையால் மட்டும் அது வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அவரைத் தெய்வமாக்கவும் எனக்கு மனமில்லை. பிரான்ஸில் ஜேர்மனியுடன் ஒத்துப்போன பெத்தானிடம் அவருக்கு மதிப்பு இருந்தது. 1943 மார்ச்சில் ஹிட்லரின் உளவுத்துறைத் தலைவர்களில் ஒருவரான ஷெலன்பேர்க்கை அரசாங்கத்துக்குத் தெரியாமல் சந்தித்தார். எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. 1942 ஓகஸ்டில் சுவிஸ் எல்லை யூத அகதிகளுக்கு மூடப்பட்டது. இனத்தின் பெயரால் மட்டும் துரத்தப்பட்டவர் அரசியல் அகதி அல்ல என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த முடிவை எடுத்தவர்கள் அரசாங்கத்தினர். ஆனால் எல்லையில் எல்லைக் காவலரோடு கிசானின் படையினரும் நின்றார்கள். இனத்தின் பெயரால் துரத்தப்பட்டு இதே எல்லையைத் தாண்டி வந்தவன் நான். சிலையைப் பார்க்கும்போது அதை என்னால் மறந்துவிட முடியாது.

போர் முடிந்தது. 1945 ஓகஸ்ட் 20 அன்று கிசான் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். ஆறு வருடம் நாட்டின் முழுப் படையையும் கையில் வைத்திருந்தவர் புயியில் இருந்த தம் வீட்டுக்குப் போனார். அதோடு ஜெனரல் பதவியும் மறைந்தது. அதன்பிறகு இன்றுவரை வேறொருவர் அதில் அமரவில்லை. 1960 ஏப்ரல் 7 அன்று அவர் காலமானார். லொசான் வீதிகளில் திரண்ட பெருங்கூட்டம் அவரை வழியனுப்பியது.

போர் முடிந்தபிறகும் படை வீட்டுக்குப் போகாத நாட்டிலிருந்து வந்தவனுக்கு, அவர் பதவியைப் பிடித்திருந்த கதையைவிட விட்டுப்போன கதைதான் பெரிதாகத் தெரிகிறது.

மகன் விரும்பியிருந்தால் படைக்குப் பதிலாகக் குடிசார் சேவையைத் தெரிவு செய்திருக்கலாம். அது ஒன்றரை மடங்கு நீளம். அவன் படைக்கே போனான். முதல் வார இறுதியில் சீருடையோடு ரயிலில் வந்து இறங்கினான். அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்து அவன் முகத்தைக் காட்டினேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். சீருடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு பின்னேரம் அவன் முகாமுக்குத் திரும்பினான். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தான். வரும் ஒவ்வொரு வெள்ளியும் அம்மாவுக்கு அழைப்பு எடுத்துக் காட்டினேன்.