ரஹீம் சாகிபு

எமது கூமாப்பட்டிக் கண்மாய்க்கரைப் பொட்டலில் பந்தாடும் சிறுவர், காலிற் பட்ட பந்தைப் பிறர்க்கு எளிதில் ஈயார். முன்னாளில் இந்திய வீரர் பலரும் அத்தகையரே. அவ்வழக்கத்தை மாற்றியவர், 1909-ம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடி, பள்ளியாசிரியராய் விளங்கிய ஸையத் அப்துல் ரஹீம் சாகிபு. பந்தை உருட்டிச் சென்று எதிரியை ஏய்த்தலாகாது, உடனே தோழர்க்கு அனுப்புக என விதித்துப் பந்தயங்கள் நடத்தினார். பழகாத காலால் மட்டும் உதைக்கும் பந்தயமும் உண்டு. விந்தையான ஆசிரியர்தாம்! 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, நான்காமிடம் எய்தினோம். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின்போதோ புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. தலையிற் காயமுற்ற தடுப்பாளர் ஜர்னைல் சிங்கை அவர் முன்னணியில் நிறுத்தினார். தென் கொரியாவை 2-1 என வென்ற இறுதியாட்டத்தில், அக்கோல்களுள் ஒன்று ஜர்னைலுடையது. மறு ஆண்டு ஜூன் 11-ல் சாகிபு காலமானார்.