உடனடிப் படம் தந்த எட்வின் லேண்ட்



எதிர்வீட்டு மாமா துபாயிலிருந்து கொண்டுவந்து பரணில் போட்டிருந்த பழைய போலராய்டு கேமராவை எனக்குக் கொடுத்தார். கூடவே ஒரு பிலிம் பெட்டி. அது காலாவதியாகிப் பல வருஷம் ஆச்சு! பெட்டிக்குள்ளேயே இருக்கும் பேட்டரி ஒரே ஒரு படத்துக்குத்தான் உயிர் கொடுத்தது. அம்மாவை எடுத்தேன். பீடி சுற்றும் கைகள் மஞ்சளாய் வந்தன. முகம் வரவேயில்லை! படத்தின் அடிப்பக்கத்து ரசாயனப் பசை காய்ந்துவிட்டால், கேமரா உருளைகளால் அதை மேல்வரை பரப்ப முடியாதாம். இதையெல்லாம் கண்டுபிடித்தவர் யார் என்று தேடிப் படித்தேன்.

எட்வின் லேண்ட், 1909-ல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பழைய இரும்பு வியாபாரியின் மகனாகப் பிறந்தார். ஹார்வர்டில் சேர்ந்து, முதலாண்டோடு விட்டுவிட்டு நியூயார்க் போனார். பகலில் நூலகம். இரவில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வகத்துக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்து சோதனை! நம்ம இயற்பியல் பாடத்தில் ஒளியின் தளவிளைவு வருமே, அதைச் செய்யும் மலிவான தகட்டை உருவாக்கினார். மறுபடி ஹார்வர்டில் சேர்ந்தும் பட்டம் வாங்கவில்லை. 1937-ல் போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.

1943-ல் சாண்டா ஃபே நகரில் தன் மூன்று வயது மகளைப் படம் எடுத்தார். எடுத்த படத்தை இப்பவே ஏன் பார்க்க முடியாது என்று குழந்தை கேட்டாள். நாமாக இருந்தால் சும்மா இரு என்றிருப்போம்! அவர் நடந்துகொண்டே யோசித்தார். 1947-ல் செய்தே காட்டினார். 1948 நவம்பரில் பாஸ்டன் கடையில் கேமரா விற்பனைக்கு வந்தது. 1972-ல் வந்த எஸ்.எக்ஸ்-70 கேமராவில், வெளியே வந்த படம் கண்முன்னே வண்ணத்தில் தெளிந்தது.

தோல்வியும் உண்டு. 1977-ல் கொண்டுவந்த போலாவிஷன் என்ற உடனடி சினிமா எடுபடவில்லை. 1982-ல் தன் நிறுவனத்தை விட்டே விலகினார். 1991-ல் மறைந்தபோது அவர் பெயரில் 535 காப்புரிமைகள்! பட்டம் முடிக்காத அவருக்கு 1957-ல் அதே ஹார்வர்டு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருந்தது.

போலராய்டு 2008-ல் பிலிம் தயாரிப்பை நிறுத்தியது. நெதர்லாந்து ஆலையின் பழைய ஊழியர்கள் சிலர் சேர்ந்து அதைக் காப்பாற்றியதால், 2010-ல் புது பிலிம் மறுபடி வந்தது.

நண்பர்களே, அவரே படிப்பை விட்டாரே, நாம் அரியர் வைத்தால் என்ன என்று கேட்காதீர்கள். அவருக்குச் செலவுக்கு அப்பா பணம் கொடுத்தார். எனக்கு பீஸ் கட்டுவது அம்மா சுற்றும் பீடி. எங்க குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். டிப்ளமோவை முடிப்பேன், கேள்வி கேட்பதையும் விடமாட்டேன். முதல் சம்பளத்தில் புது பிலிம் வாங்கணும். அதில் அம்மா முகம் வரணும்!