ஒளியாராய்ந்த இராமனார்

மாரடைப்பினின்று பிழைத்தாரது இருதயக் குழலினுள் ஒளியைச் செலுத்தி, ஆண்டுப் படிந்துள்ள கொழுப்பின் தன்மையை அறிகின்றனர் இக்கால வைத்தியர். இத்துறைக்கு நெருங்கிய உறவுடைய ஓர் உண்மையைக் கண்ட தமிழர் ஒருவரது சரிதத்தை யாம் ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுந்தோம்.

சந்திரசேகர வேங்கட இராமனார் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிற் பிறந்தார். சென்னை இராசதானிக் கல்லூரியில் எம். ஏ. பட்டம் எய்தி, 1907-இல் கல்கத்தாவில் அரசாங்க நிதி இலாகா உத்தியோகம் ஏற்றார். பகலெல்லாம் கணக்கு, காலையும் மாலையும் பௌபஜார் வீதி விஞ்ஞானச் சங்கத்தில் ஆராய்ச்சி. பத்தாண்டுகட்குப் பின், ஊதியங் குறைந்த பேராசிரியப் பதவியை விரும்பி ஏற்றார். நம்முள் எத்துணைப் பேர் இது செய்யத் துணிவர்?

1921-இல் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் சிந்தையைக் கவர்ந்தது. அந்நீலம் வானத்தின் நிழலன்று, நீரணுக்கள் ஒளியைச் சிதறுவதால் எழுவது எனத் தெளிந்தார். அவ்வாராய்ச்சி வளர்ந்து, சிதறும் ஒளியுள் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருவது 1928 பிப்ரவரி 28-இல் ஐயமற விளங்கிற்று. சூரிய ஒளியும் வண்ணக் கண்ணாடியும் கண்ணுமே தொடக்கத்திற் கருவிகள். உடனுழைத்தவர் கிருஷ்ணனார், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். 1930-இல் நோபல் பரிசு இராமனார் ஒருவர்க்கே வந்தது. கிருஷ்ணனாரின் உழைப்பு உலகத்தாரால் வேண்டுமளவு போற்றப்படவில்லை என்பதே எம் துணிபு.

நிறமாற்றம் பொருள்தோறும் வேறுபடும். கொலஸ்டிரால் ஒருவகை, சுண்ணச் சத்து பிறிதொருவகை. ஆதலின், லேசர் ஒளி தோன்றியபின், 1990-களில் அமெரிக்க அறிஞர் இம்முறையால் மனித இருதயக் குழற் படிவுகளை ஆராய்ந்தனர். இதன் அருமை யாதெனின், எக்ஸ்-கதிர்ப் படம் குழலின் குறுக்கத்தையே காட்டும். உயிர்க்கிறுதி விளைப்பதோ பெரும்பாலும் குறுக்கமன்று. மெல்லிய தோல் போர்த்த கொழுப்பு வெடித்து, இரத்தம் உறைதலேயாம். இன்று நோயாளர்பாற் பயன்படுவது செங்கீழ் ஒளியால் அளக்கும் வேறொரு முறை. ஆயினும் ஒளியாற் பொருளை அறியும் அதே குலத்தது. டென்மார்க், நார்வே, சுவீடன் நாடுகளில் மாரடைப்புற்ற 898 பேரை இவ்வாறு சோதித்த முடிவு 2021-இல் வெளிவந்தது. கொழுப்பு மிக்க படிவுகளால் பின்னரும் தீங்கு மிகும் என அது காட்டிற்று.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்து, மோட்டார் வண்டிகள் சமைக்கும் ஒரகடத்தில், மருத்துவக் கருவிகட்கென ஒரு தொழிற்பூங்கா அமைக்க அரசினர் முற்பட்டுள்ளனர். இத்தகைய கருவி அங்குச் செய்யப்படின் ஏழை நோயாளர்க்கும் எட்டுமே என யாம் அவாவுகின்றோம்.

1970 அக்டோபர் இறுதியில் இராமனார் இருதயந் தளர்ந்து ஆராய்ச்சிக் கூடத்தில் வீழ்ந்தார். மருத்துவமனையில் இருக்க ஒருப்படாது, தாம் பெங்களூரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்திற்கே மீண்டு, நவம்பர் 21-ஆம் நாள் காலமானார். அந்நிலையத் தோட்டத்திலேயே அவருடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நடுகல் இல்லை. ஒரு மரம் நிற்கின்றது.