மோட்டார் சைக்கிளைப் பிரிச்சுப் போட்ட ஹோட்டல் சர்வர்

ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைல ஏற்காடு அடிவாரத்துல பத்து நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. ஹெல்மெட் கேமராவும் ரைடிங் ஜாக்கெட்டுமா வர்ற பெரிய பைக்குகள்தான் முதல்ல கண்ணுல படும். அதை விட்டுட்டு மிச்சத்தை எண்ணுங்க. புருஷன், பொண்டாட்டி, நடுவுல ஒரு குழந்தை. பின்னாடி கேரியர்ல பால் கேன். மேல எஸ்டேட் வேலைக்குப் போறவர், கூட ஒரு மூட்டை. எல்லாமே 100 சிசி வண்டி. இருபது ஹேர்பின் பெண்டையும் ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர்லயே முனகிக்கிட்டு ஏறி, சாயங்காலம் அதே மாதிரி இறங்கிடும். பெட்ரோல் விலை ஏறும்போது இவங்க வீட்டு பட்ஜெட்தான் முதல்ல ஆடும். அதனால இவங்களுக்கு மைலேஜ்ங்கிறது பெருமை பேசுற விஷயம் இல்ல, சம்பளத்துல மிச்சமாகுற காசு.

இப்போ உங்க கிட்ட ஒரு கேள்வி. நாம எல்லாரும் இன்ஜினியரிங் படிக்கிறோம். நம்மில் எத்தனை பேர் நம்ம பைக்கோட ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டிப் பார்த்திருக்கோம்? நான் ஃபைனல் இயர் வர்ற வரைக்கும் பார்த்ததில்லை. அந்த வெட்கத்துலதான் இந்தக் கட்டுரையை எழுதுறேன்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி, ஆரம்பப் பள்ளியைக்கூட ஒழுங்கா முடிக்காத ஒருத்தர், ஒரு முழு மோட்டார் சைக்கிளையே பிரிச்சுப் பார்த்துட்டு வாழ்க்கையைத் தொடங்கினார். பேரு கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஜி.டி.நாயுடுன்னா உங்களுக்குத் தெரியும். கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டுல புதுசா திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பேரைத்தான் வச்சிருக்காங்க. பாலத்து மேல போறவங்கள்ல பாதிப் பேருக்கு அவர் யாருன்னு தெரியாதுங்கிறது வேற விஷயம்.

1893 மார்ச் 23 அன்று கோவையை ஒட்டிய கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவே இல்லை. தோட்டத்து வேலையில் நாள் ஓடிக்கொண்டிருந்தது. இருபது வயசு வாக்கில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்த்தார். 1912ஆம் வருஷத்து ரட்ஜ். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துக் கம்பெனி தயாரிப்பு. மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடுகிற ஒரு வண்டி.

நாமா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? பக்கத்துல நின்னு ஒரு செல்ஃபி எடுத்திருப்போம். அவர் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணி ஊத்தி, காசு காசாகச் சேர்த்தார். அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். அப்புறம் அவர் பண்ணதுதான் முக்கியம். ஊரைச் சுத்திக் காட்டாம அதைப் பிரிச்சுப் போட்டார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. யூட்யூப் கிடையாது. சர்வீஸ் மேனுவல் இருந்தாலும் அது இங்கிலீஷ்ல. ஒரு போல்ட் தொலைஞ்சா கப்பல்ல வரணும். பல வருஷச் சம்பளம் தரையில துண்டு துண்டா கிடக்கு. மறுபடி சேராமப் போனா அவ்ளோதான். அந்த தைரியத்துக்கு எந்த செமஸ்டர்லயும் மார்க் கிடையாது. அந்தப் பழக்கம்தான் அவரை ஒரு மெக்கானிக் ஆக்கியது.

1920ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் அதை அவரே ஓட்டினார். சில வருஷங்களில் அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. நாட்டிலேயே திறமையாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பேர் வாங்கியது. பஸ்ஸோட அவர் நிற்கவில்லை. 1937ல் பீளமேட்டில் இருந்த அவருடைய நியூ எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் இருந்து இந்தியாவில் தயாரான முதல் எலெக்ட்ரிக் மோட்டார் வெளியே வந்தது. அதில் அவரோடு உழைத்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு. இன்னைக்கு நம்ம ஊர்க் கிணத்துல கோயம்புத்தூர் மோட்டார் ஓடுதுன்னா, அந்தக் கதையோட முதல் பக்கம் இதுதான்.

பட்டியல் போட்டா நீளும். ட்ரை செல்லில் ஓடும் சின்ன மோட்டார் வச்ச ஷேவிங் ரேஸர், மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுத்தும் ஃபேன், கள்ளத்தனம் பண்ண முடியாத ஓட்டு இயந்திரம். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளியில் புது ரகங்கள். அவர் தோட்டத்தைப் பார்க்க சர் சி.வி.ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் வந்தார்கள். 1967ல், எழுபதைத் தாண்டிய வயசில், காலை ஆறு மணிக்கு அஸ்திவாரம் போட்டு சாயங்காலம் ஐந்துக்குள் வயரிங், பிளம்பிங் உட்பட ஒரு வீட்டையே கட்டி முடித்தார்.

ஆனா அவர் செஞ்ச எல்லாத்துலயும் என்னை நிறுத்தி வச்சது ரெண்டு விஷயம்.

முதலாவது, விலை. ரேடியோ பணக்காரர் வீட்டுச் சாமானாக இருந்த 1941ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952ல் ஒரு கார் செய்தார். ரெண்டு பேர் உட்காரலாம், பெட்ரோல் இன்ஜின், விலை 2,000 ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. உற்பத்தி நின்றுபோனது.

ஏன் தரலன்னு புரியணும்னா அந்தக் காலத்துச் சட்டத்தைப் பார்க்கணும். 1951ல் தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. முக்கியமான தொழில்களில் யார் எதைச் செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பதற்கு டெல்லியின் அனுமதி வேணும். எஃகும் அந்நியச் செலாவணியும் தட்டுப்பாடான காலம், அதனால் அரசாங்கம் கணக்குப் பார்த்ததில் ஒரு நியாயம் இருந்தது. அந்தக் கார் ஏற்காடு மலை ஏறியிருக்குமா, பத்து வருஷம் உழைச்சிருக்குமா என்று நாமும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா ரோட்டுல ஓடித்தான் ஒரு வண்டி தன்னை நிரூபிக்கணும். இந்த வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்கல.

நடுத்தரக் குடும்பம் தன் வண்டிக்காக ரொம்ப நாள் காத்திருந்தது. 1980ல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 வந்தது. ரெண்டு பேர் போகிற முதல் இந்திய மொபெட். (அந்தக் குடும்பத்தின் மூத்தவர் டி.வி.சுந்தரம் அய்யங்காரும் பஸ் ஓட்டித்தான் தொடங்கினார் என்பது சுவாரசியம்.) 1985ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. அதன் 97.2 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்தான் மைலேஜ் என்ற வார்த்தையை வீட்டுக்கு வீடு கொண்டு போனது. டூ ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் வழியே ஓடிவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்த நஷ்டம் ரொம்பக் குறைவு. 1991க்கு அப்புறம்தான் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறை எடுபட்டது. 2009ல் ஒரு லட்ச ரூபாய் நானோ வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சின்ன இன்ஜின், குறைஞ்ச எடை, குறைஞ்ச விலை. அதே கணக்கைத்தான் ஜி.டி.நாயுடு 1952லயே போட்டு வச்சிருந்தார்.

ரெண்டாவது விஷயம் நமக்கு இன்னும் நெருக்கமானது. கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் கல்லூரியும் வர அவருடைய முயற்சியும் நன்கொடையும் காரணம். அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. 1945ல் அவரே முதல்வராகவும் இருந்தார். நாலு வருஷப் படிப்பு நேர விரயம், ரெண்டு வருஷம் போதும் என்பது அவர் வாதம். அரசாங்கம் ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். சின்ன வயசுல பள்ளியை விட்ட ஒரு மனுஷர் கல்லூரி முதல்வர் நாற்காலியில உட்கார்ந்து, அதையும் ஒரு கொள்கைக்காக விட்டுட்டுப் போயிருக்கார். 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

இதைப் படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னு இருந்தது. தேர்ட் இயர்ல எங்க டீம் மினி ப்ராஜெக்டை ஒரு கடைல காசு கொடுத்து வாங்கினோம். சோலார் புல் வெட்டி. வைவால அந்த மோட்டாரை ஏன் தேர்ந்தெடுத்தீங்கன்னு கேட்டாங்க. நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்தோம். மார்க் வந்தது. பதில் இன்னைக்கு வரைக்கும் வரல. நாலு வருஷம் விரயமா இல்லையான்னு நாயுடுகூட வாதாட எனக்குத் தகுதி இல்லன்னு அன்னைக்குப் புரிஞ்சது.

போன மாசம் அப்பாவோட பழைய 100 சிசி வண்டியை எடுத்துக்கிட்டு ஏற்காடு போனேன். மேல போகப் போக இழுவை குறைஞ்சது. திரும்பி வந்து அடிவாரத்துல ஒரு மெக்கானிக் அண்ணாகிட்ட ஸ்பேனர் கேட்டு, முதல் முறையா ப்ளக்கைக் கழட்டினேன். முனை கரி பிடிச்சு கன்னங்கரேல்னு இருந்தது. கருப்புன்னா பெட்ரோல் அதிகம், வெள்ளைன்னா காத்து அதிகம், காபிக் கலர்ல இருந்தா சரின்னு அண்ணா சொன்னார். அப்பத்தான் பல்ப் எரிஞ்சது. 1,500 மீட்டர் உயரத்துல காத்தோட அடர்த்தி சுமார் 14 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கிட்டத்தட்ட அதே பெட்ரோலை அனுப்பிக்கிட்டே இருக்கு. செகண்ட் இயர்ல பரீட்சைல எழுதுன ஏர் ஃப்யூயல் ரேஷியோ அன்னைக்கு என் விரல்ல கரியா ஒட்டியிருந்தது. பாதித் தப்பு மலையோடது. மீதி, அடைச்சுக் கிடந்த ஏர் ஃபில்டரோடது. அதையும் தட்டி மாட்டினேன்.

பெரிய சாதனை இல்ல. ஜி.டி.நாயுடு பிரிச்சது முழு வண்டி, நான் கழட்டுனது ஒரே ஒரு ப்ளக். ஆனா நீங்க இந்த வார இறுதில வீட்டுக்குப் போறீங்கன்னா, அப்பா வண்டியோட டூல் கிட்டைத் திறந்து பாருங்க. ஒரு ப்ளக் ஸ்பேனர் துரு பிடிச்சுக் கிடக்கும். இன்ஜின் நல்லா ஆறுனதுக்கு அப்புறம் கழட்டுங்க. என்ன கலர்ல இருக்குன்னு எனக்கும் சொல்லுங்க.