காரீயப் பெட்ரோலும் தாமஸ் மிட்ஜ்லியும்

பழைய காடியில் ஐந்தாறு பேர் நெருக்கி உட்கார்ந்து மேட்டுப் பாதையில் ஏறினால், இஞ்சினுக்குள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சத்தத்தை நிறுத்த ஒரு மனிதர் மருந்து கண்டுபிடித்தார். இஞ்சின் அடங்கியது. ஆனால் அந்த மருந்தைக் காய்ச்சிய தொழிலாளிகள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். அந்தப் புகையை உலகம் ஏறக்குறைய நூறு வருஷம் சுவாசித்தது.

அந்த மனிதர்தான் தாமஸ் மிட்ஜ்லி. அவருடைய வாழ்க்கையை நம் தொழிலாளர் குடும்பங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம்.

மிட்ஜ்லி 1889-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து 1911-இல் இயந்திரப் பொறியாளராக வெளியே வந்தார். 1916-இல் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் சார்ல்ஸ் கெட்டரிங் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். காடியைக் கையால் சுற்றிக் கிளப்பிய காலத்தில், மின்சாரத்தால் கிளப்பும் ஸ்டார்ட்டரைக் கொண்டு வந்தவர் இந்தக் கெட்டரிங்தான். அவர் மிட்ஜ்லியிடம் கொடுத்த வேலை, இஞ்சின் தட்டும் சத்தத்துக்கு ஒரு வழி பார்ப்பது.

ஏன் தட்டுகிறது? பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. பிளக் பொறி கொடுத்ததும் அது பற்றி எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. நெருப்பு ஒழுங்காகப் பரவினால் தொல்லை இல்லை. நெருப்பு வந்து சேருமுன்னே, மூலையில் கிடக்கும் மிச்சக் கலவை சூட்டினாலும் அழுத்தத்தாலும் தானாக வெடித்துவிட்டால் அதுதான் அந்தத் தட்டல். பிஸ்டன் கெட்டுப் போகும், சக்தியும் வீணாகும். கலவையை இன்னும் இறுக்கி அழுத்தினால் அதே பெட்ரோலில் கூடுதல் சக்தி கிடைக்கும். ஆனால் தட்டலும் கூடும். அதனால் இஞ்சினைப் பலப்படுத்த முடியாமல் பொறியாளர்கள் திண்டாடினார்கள்.

சிவப்புச் சாயம் கலந்தால் பெட்ரோல் சூட்டை நன்றாக வாங்கும் என்று ஒரு யூகம் எழுந்தது. சாயம் கையில் இல்லாததால் மிட்ஜ்லி அயோடினைக் கலந்து பார்த்தார். தட்டல் குறைந்தது. பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்தார், ஒன்றும் நடக்கவில்லை. நிறத்துக்கும் தட்டலுக்கும் சம்பந்தமே இல்லை! அதன் பிறகு வருஷக்கணக்காக ஒவ்வொரு பொருளாகக் கலந்து பார்த்தார்கள். தெலூரியம் என்ற பொருள் வேலை செய்தது. ஆனால் அதைத் தொட்டவர்கள் உடம்பில் பூண்டு நாற்றம் ஒட்டிக்கொண்டது, குளித்தாலும் போகவில்லை. 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி டெட்ரா எத்தில் லெட் என்ற காரீயத் திரவத்தைக் கலந்தார்கள். தட்டல் அப்படியே நின்றது. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒரு தேக்கரண்டி அளவுகூடத் தேவைப்படவில்லை.

இங்கே ஒரு விளக்கம் வேண்டும். நம் நாட்டில் ஈயம் என்றாலே ஈயச் சுரங்கத்து வெள்ளீயம்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல, இது காரீயம். காரீயம் நஞ்சு என்பது ஆதி காலம் தொட்டுத் தெரிந்த விஷயம். இந்தத் திரவமோ அதிலும் மோசம். மூச்சில் போகும், தோல் வழியாகவும் உள்ளே இறங்கும், நேராக மூளையைத் தாக்கும்.

வேறு வழி இல்லாமல் இதைப் பிடித்தார்களா என்றால், அதுவும் இல்லை. எரிசாராயம் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது மிட்ஜ்லிக்கே தெரியும்; அவரே சோதித்துப் பார்த்திருக்கிறார். ஆனால் சாராயத்தை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். காரீயக் கலவைக்கோ காப்புரிமை வாங்கி ஒவ்வொரு காலனிலும் பணம் பார்க்கலாம்.

1923 பிப்ரவரியில் டேட்டன் நகரில் காரீயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அடுத்த வருஷம் ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து எத்தில் என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கின. அந்தப் பெயரில் காரீயம் என்ற சொல்லே கிடையாது. மிட்ஜ்லி அதன் துணைத் தலைவர்களில் ஒருவரானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே மிட்ஜ்லியின் உடம்பு கெட்டிருந்தது. காரீயத்தோடு புழங்கியதில் தம் நுரையீரல் பாதிக்கப்பட்டதை அவரே உணர்ந்து, வேலையை நிறுத்திவிட்டு நல்ல காற்றுத் தேடி புளோரிடாவுக்குப் போய் ஓய்வெடுத்தார். அவருக்கு லீவு கிடைத்தது, போக இடமும் இருந்தது. தொழிற்சாலையில் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றவனுக்கு அந்த வசதி ஏது?

1924-இல் டேட்டன் தொழிற்சாலையில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். டூபாண்ட் நிறுவனத்தின் டீப்வாட்டர் தொழிற்சாலையிலும் சாவுகள் நடந்தன. அங்கே வேலை செய்தவர்கள் இல்லாத பூச்சிகளைக் காற்றில் துரத்தினார்கள். அதனால் தொழிலாளர்களே அந்தக் கட்டடத்துக்குப் பட்டாம்பூச்சி வீடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே எண்ணெய் ஆலையில் தூக்கமின்றி, வெறி பிடித்து, கட்டிப்போட வேண்டிய நிலையில் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். 30-க்கும் மேற்பட்டவர்கள் படுக்கையில் விழுந்தார்கள். இவர்கள் அளவுக்கு மீறி உழைத்ததால் புத்தி கெட்டிருக்கலாம் என்று நிர்வாகத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். பாருங்கள், செத்தவன் மேலேயே பழி!

அக்டோபர் 30-ஆம் தேதி மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூட்டினார். அவர்கள் கண்ணெதிரே அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவினார். பாட்டிலை மூக்கருகில் பிடித்து ஒரு நிமிஷம் முகர்ந்து காட்டினார். தினமும் இப்படிச் செய்தாலும் ஒன்றும் ஆகாது என்றார். புளோரிடாவுக்குப் போய்விட்டு வந்தவர் சொன்ன பேச்சு இது.

நியூயார்க் போன்ற இடங்களில் விற்பனைக்குத் தடை போட்டார்கள். 1925-இல் அமெரிக்க அரசின் சுகாதாரத் தலைவர் மாநாடு கூட்டினார். தொழிலாளர் நோய்களை ஆராய்ந்த டாக்டர் அலிஸ் ஹாமில்டன் என்ற அம்மையார், காரீயத்தைப் பெட்ரோலில் கலக்கவே கூடாது என்று வாதாடினார். அரசாங்கக் குழு சில மாதங்கள் மட்டும் பார்த்துவிட்டு, தடை செய்ய இப்போதைக்குக் காரணம் இல்லை, ஆராய்ச்சி தொடரட்டும் என்று எழுதியது. 1926-இல் விற்பனை மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அந்த ஆராய்ச்சியைப் பெரும்பாலும் அந்தத் தொழிலின் பணத்திலேயே நடத்தினார்கள்.

மிட்ஜ்லிக்குப் பரிசுகள் குவிந்தன. குளிர்ப்பெட்டிக்கு வேண்டிய ஃபிரியான் வாயுவையும் அவர் குழுதான் உருவாக்கியது. அந்த வகை வாயு வானத்து ஓசோன் படலத்தை அரிக்கும் என்பது 1974-இல்தான் தெரிய வந்தது. 1940-இல் அவரைப் போலியோ தாக்கிக் கால்கள் விளங்காமல் போயின. படுக்கையிலிருந்து எழ உதவியாகக் கயிறும் கப்பியும் கொண்ட ஒரு கருவியைத் தாமே அமைத்துக்கொண்டார். 1944 நவம்பர் 2-ஆம் தேதி அந்தக் கயிற்றிலேயே கழுத்து இறுகி இறந்து கிடந்தார். வயது 55.

அவர் போனார், புகை போகவில்லை. கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி பூமியின் வயதைக் கணக்கிடப் போய், எங்கு பார்த்தாலும் காரீயம் படிந்திருப்பதைக் கண்டார். மனித உடம்பிலும் அது இயற்கை அளவைவிடப் பல மடங்கு ஏறியிருப்பதாக 1965-இல் எழுதினார். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுப்பதும் பின்னர் உறுதியானது. 1975 மாடல் முதல் அமெரிக்கக் காடிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கருவியைப் பொருத்தினார்கள். காரீயம் பட்டால் அந்தக் கருவி செத்துவிடும். அதனாலேயே காரீயம் இல்லாத பெட்ரோல் வந்தது. அமெரிக்கச் சாலைகளில் 1996-இல் காரீயப் பெட்ரோலுக்கு முழுத் தடை. கடைசியாக அல்ஜீரியா நாடு 2021-இல் நிறுத்தியது.

இதை நாம் ஏன் சொல்கிறோம்? நம் தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்த பெண்கள் எத்தனை பேர்! நகம் கறுத்தது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது என்று அவர்கள் சொன்னபோது என்ன பதில் கிடைத்தது? ஒழுங்காகப் பிடித்து அடித்தால் ஒன்றும் செய்யாது என்பதுதான். பாராகுவாட் என்ற அந்த மருந்தை மலேசியாவில் 2002-இல் தடை செய்தார்கள், 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் தேதிதான் மறுபடி தடை அமுலுக்கு வந்தது. இடையில் அடித்த மருந்தெல்லாம் யார் உடம்பில் இறங்கியது?

பேவேயில் டாக்டர்களும் குழுக்களும் வந்து சேருமுன்னே, அந்த வேலை ஆளைக் கெடுக்கிறது என்பது தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. பட்டாம்பூச்சி வீடு என்று பெயர் வைத்தவர்களும் படித்தவர்கள் அல்ல. அங்கே நின்று வேலை செய்தவர்கள். ஆகவே தோழர்களே, உடம்பு சொல்வதைத் தட்டிக் கழிக்காதீர்கள். எந்த மருந்து, எந்தத் தேதி, உடம்புக்கு என்ன செய்தது என்று பிள்ளைகளிடம் சொல்லியாவது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிளினிக் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். எல்லாவற்றையும் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். ஆபத்து இல்லை என்று யாராவது கையைக் கழுவிக் காட்டினால், அவர் அந்த வேலையில் தினமும் எட்டு மணி நேரம் நிற்பாரா என்று முதலில் கேளுங்கள்.