காஜுல லட்சுமிநரசு செட்டியார்

குடிமக்களின் குறைகளை ஆள்வோர் செவியில் ஏற்றுவதற்குத் தேர்தலோ வாக்குச்சீட்டோ இல்லாத காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் தம் வாணிபச் செல்வத்தையே அதற்கு வழியாக்கிக் கொண்ட பெருந்தகை காஜுல லட்சுமிநரசு செட்டியார் ஆவார். 1806-ஆம் ஆண்டு சென்னைப் பட்டினத்தில், அவுரி வாணிபத்தில் தழைத்திருந்த சித்துலு செட்டியாரின் திருக்குமாரராகத் தோன்றினார். திருமகளோடு கூடிய நரசிங்கப் பெருமானின் திருநாமமே அவருக்குப் பெயராக அமைந்தது. பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. தந்தையாரின் கடையே அவருக்குக் கல்விச்சாலையாக விளங்கிற்று. சென்னைக் கைக்குட்டைத் துணிகள் கடல் கடந்து சென்று விலைபோன காலம் அது. அவ்வாணிபத்தில் செட்டியார் பெரும்பொருள் ஈட்டினார்.

ஈட்டிய பொருளைக் கொண்டு மாளிகை எழுப்பியிருக்கலாம். அவரோ பத்திரிகை தொடங்கினார். 1844-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 'கிரசெண்ட்' என்னும் ஆங்கிலப் பத்திரிகை ஹார்லி என்னும் ஆங்கிலேயரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. ஹிந்துக்களின் நிலையை உயர்த்துவதே அதன் நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது. சென்னை அரசாங்கத்தார்க்கு அது உவப்பாக இல்லை. பத்திரிகையின் விளம்பரத்தை அரசாங்க கெஜட்டில் ஏற்கவும் மறுத்தனர். அந்நாளைய கவர்னர் ட்வீடேல் பிரபு, அரசாங்கக் கல்விச்சாலையில் பைபிளைப் பாடநூலாக்க விழைந்தபோது, 1846-இல் ஹிந்துப் பெருமக்களைத் திரட்டி எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் செட்டியார் முதல்வர். லண்டனில் இருந்த கம்பெனியின் டைரக்டர்கள் அத்திட்டத்தை ஏற்கவில்லை. மதம் மாறியவர்க்கும் மூதாதையர் சொத்தில் உரிமை உண்டு என்று 1850-இல் இயற்றப்பட்ட சட்டத்தையும் அவர் எதிர்த்தார். அதில் இக்காலத்தவர் பலர் அவரோடு உடன்படார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1852-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அவர் முன்னின்று 'சென்னை சுதேசிகள் சங்கம்' நிறுவப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தைப் பார்லிமெண்டு 1853-இல் மறுபடியும் ஆராய இருந்தது. அத்தருணத்தை நழுவவிடாமல் சங்கத்தார் நீண்டதொரு விண்ணப்பம் அனுப்பினர். நிலத்தீர்வையின் கடுமை, நீதிமன்றங்களின் காலதாமதம், பாசன வேலைகளிலும் சாலைகளிலும் காட்டிய அசட்டை, நெசவாளியின் தறிக்கும் சிறு கடைக்கும் கூட விதிக்கப்பட்ட முகதர்பா என்னும் தொழில்வரி ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. துணி வணிகராகிய செட்டியார்க்குத் தறிக்காரர் படும் பாட்டைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆயினும் விண்ணப்பத்தில் ஆள்வோரைத் திடுக்கிடச் செய்த செய்தி வேறு. கிஸ்தி கட்ட இயலாத குடியானவர்களை வரிவசூல் சிப்பந்திகள் சித்திரவதை செய்தனர் என்பதே அது. கொளுத்தும் வெயிலில் நிறுத்தி வைப்பர். கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வைப்பர்; இதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். விரல்களைக் கிட்டிக் கட்டைகளின் இடையே வைத்து நெருக்குவர். கலெக்டரிடம் முறையிடலாமே எனில், அவர் இருப்பதோ பல காத தூரம்; முறையிட்டுத் திரும்பியவன் மீண்டும் அதே சிப்பந்தியின் கையில்தான் அகப்பட வேண்டும்.

இதைக் கண்ணால் கண்டு சொல்லப் பார்லிமெண்டு அங்கத்தினர் ஒருவரே வேண்டும் என்பதைச் செட்டியார் உணர்ந்திருந்தார். இந்தியச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவர் டான்பி ஸீமோர் 1853-இல் சென்னைக்கு வந்தபோது, அவருக்குத் துணையாய் மாவட்டங்களைச் சுற்றிவந்தார். திருநாளுக்கு ரயிலில் வந்திறங்கும் அன்பர்கள் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். தென்னகத்தில் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டதே 1856-இல்தான். ஆகவே அந்தப் பிரயாணம் முழுவதும் சாலைவழியே நிகழ்ந்தது. ஊர்தோறும் குடியானவர்கள் நேரில் நின்று உரைத்ததை ஸீமோர் கேட்டறிந்தார். 1854 ஜூலை மாதம் காமன்ஸ் சபையில் அவர் இதனை எடுத்துரைத்தபோது கம்பெனியின் சார்பினர் நம்ப மறுத்தனர். எனினும் அவ்வாண்டிலேயே எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. குறுகிய காலத்துள் ஏறக்குறைய இரண்டாயிரம் முறையீடுகள் வந்து குவிந்தன. சித்திரவதை உண்மையே என்று 1855-இல் அறிக்கை உரைத்தது. குற்றம் முழுவதையும் சுதேசிச் சிப்பந்திகள் மீது சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளை அது விடுவித்தது. வசூலித்த பணம் எவருடைய கஜானாவுக்குச் சென்றது என்று எண்ணுவோர்க்கு இத்தீர்ப்பு நிறைவளிக்காது. ஆனால் இல்லை என்று கம்பெனியார் சாதித்ததை உண்டு என்று அரசாங்க ஏட்டிலேயே எழுதவைத்தது செட்டியாரின் முயற்சிக்குக் கிட்டிய பலனாகும். கம்பெனி ஆட்சி நீங்கி மகாராணியாரின் நேராட்சி வரவேண்டும் என்றும் சங்கத்தார் மனுச் செய்தனர். 1858-இல் அம்மாறுதல் நிகழ்ந்தது.

1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையில் சட்டசபை அமைந்தது. அதில் முதல் இந்திய அங்கத்தினராயிருந்த சடகோபாச்சாரியார் மறைந்தபின், செட்டியார் நியமனம் பெற்றார். ஸி.எஸ்.ஐ. விருதும் வந்தது. ஒருகாலத்தில் அவரை ஐயுற்ற அரசாங்கமே இவற்றை அளித்தது. ஆனால் அச்சபையில் அங்கத்தினர் கேள்வி கேட்க இயலாது. வரவுசெலவைப் பற்றிப் பேச இயலாது. சபையில் கொண்டுவரப்படும் மசோதாவைப் பற்றி மட்டுமே கருத்துரைக்கலாம். சபைக்கு வெளியே மாட்டுவண்டித் தடங்களில் அவர் சாதித்ததில் சிறு பங்கையும் அந்த ஆசனத்திலிருந்து சாதிக்க வழியில்லை.

பத்திரிகையும் சங்கமும் பிரயாணமும் மனுக்களும் அவருடைய பொருளைக் கரைத்துக்கொண்டே வந்தன. வாணிபமும் முன்போல் கைகொடுக்கவில்லை. பெருவணிகராய் வாழ்ந்தவர் 1868-ஆம் ஆண்டு வறியவராகவே மறைந்தார். அவருக்குப் பின் சங்கமும் மெல்ல ஓய்ந்தது. குடிமக்களின் குறைகளை ஒன்றுதிரட்டிச் சொல்ல 'சென்னை மகாஜன சபை' 1884-இல் எழும்வரை, அவர் விட்ட இடம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது.