சாம்பலில் எஞ்சியது – வில்லியம் கேரி



வில்லியம் கேரி என்றதும் வேதாகமத்தை மொழிபெயர்த்த வெள்ளைக்காரர் என்று மட்டும்தான் பலருக்கும் தெரியும். அவர் ஒரு தொழிலாளி என்பது அவ்வளவாகத் தெரியாது. அதிலும், அவர் பட்ட கஷ்டம் ஒன்றா இரண்டா!

1761-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ல் இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா முதலில் நெசவாளி, பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். கேரி பதினாலு வயசிலேயே செருப்புத் தைக்கப் பழகப் போய்விட்டார். காலேஜ் வாசலை மிதித்தவர் இல்லை. தோலைத் தைத்துக்கொண்டே லத்தீன், கிரேக்கம், எபிரேயம் எல்லாம் தானாகவே படித்தார். நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்திருக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் படிப்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்தானே.

1781-ல் டாரதி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். முதல் குழந்தை ஆன் காய்ச்சலில் இறந்தது. அதே காய்ச்சலில் படுத்து எழுந்த கேரிக்கு சின்ன வயசிலேயே தலைமுடி கொட்டிவிட்டது.

1793-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். டாரதிக்கு இதில் கொஞ்சமும் இஷ்டம் இல்லை. முதலில் வரமாட்டேன் என்றே சொல்லிவிட்டார். கடைசி நேரத்தில்தான், தங்கையும் துணைக்கு வருவதாகச் சொன்ன பிறகு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஐந்து மாதக் கடல் பயணம். வங்காளத்தில் இறங்கிய பிறகு கையில் காசு இல்லை, தங்க நல்ல இடம் இல்லை. ஒரு அவுரிச் சாய ஆலையில் கேரிக்கு வேலை கிடைத்ததும்தான் வயிற்றுப்பாடு தீர்ந்தது. ஆனால் 1794-ல் ஐந்து வயசுப் பையன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனான். கேரியும் அப்போது காய்ச்சலோடு கிடந்தார். சாதிக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து குழி தோண்டவும் உடலைத் தூக்கவும் ஆட்கள் முன்வரவில்லை. சிரமப்பட்டுத்தான் அடக்கம் செய்தார்கள்.

அதற்குப் பிறகு டாரதி அம்மாவின் மனநிலை கெட்டது. 1807 டிசம்பரில் இறக்கும்வரை சரியாகவே இல்லை. கேரியைப் புகழ்ந்து எழுதுகிற புத்தகங்கள் சிலவற்றில் இந்த அம்மாவை இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. விரும்பாத ஊருக்கு வந்து பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துக்கமும் துக்கம்தான். கேரி ராத்திரி பகலாக ஜெபம் செய்தார். ஆனாலும் அந்த அம்மாவுக்குக் குணமாகவில்லை. தனக்குள்ளே இருந்த இருட்டையும் சோர்வையும் கேரி தன் டைரியில் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். விசுவாசம் இருந்தால் அழுகையே வராது என்று சொல்கிறவர்கள் அந்த டைரியைப் படித்ததில்லை போலிருக்கிறது. அவர் அழுதார். அழுதுகொண்டே அடுத்த நாள் வேலையையும் செய்தார். பக்கத்து அறையில் மனைவி கூச்சல் போட்டுக்கொண்டிருந்த நாட்களிலும் மொழிபெயர்ப்பு நடந்தது.

1800-ல் டேனிஷ்காரர்கள் ஆண்ட செராம்பூருக்கு வந்தார். மார்ஷ்மன், வார்டு என்ற இரண்டு நண்பர்களோடு அங்கே அச்சுக்கூடம் தொடங்கினார். எழுத்து வெட்டிக் கொடுத்தவர் பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளக் கொல்லர். அவருக்குப் பின் அவர் மருமகன் மனோகர். 1801-ல் வங்காளப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. பிறகு ஒவ்வொரு மொழியாகச் சேர்ந்துகொண்டே போனது.

1812 மார்ச் 11, சாயங்காலம். அச்சுக்கூடத்தில் தீ! காகிதக் கட்டுகள் இருந்த பக்கத்திலிருந்து புகை வருவதை வார்டு பார்த்தார். காற்றுப் போகாமல் கதவு ஜன்னல்களை எல்லாம் அடைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். தீ அடங்கி வருகிற நேரத்தில் யாரோ உதவி செய்கிறோம் என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட, குப்பென்று பற்றிக்கொண்டது. நடுராத்திரி வாக்கில் கூரையே விழுந்துவிட்டது. ஆக்ஸிஜன் கிடைத்தால் தீ என்ன செய்யும் என்று நமக்குப் பாடத்திலேயே இருக்கிறது.

கேரி அன்று கல்கத்தாவில், வில்லியம் கோட்டைக் கல்லூரியில் பாடம் நடத்தப் போயிருந்தார். மறுநாள் காலை மார்ஷ்மன் போய்ச் சொன்னார். கேரிக்குப் பேச்சே வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. பல வருஷம் உழைத்து எழுதிய பன்மொழி அகராதி, இலக்கணக் கையெழுத்துப் பிரதிகள், ராமாயண மொழிபெயர்ப்பின் ஒரு பகுதி, 14 மொழிகளின் ஈய எழுத்துகள் எல்லாம் போச்சு. அதில் நம்ம தமிழ் எழுத்தும் ஒன்று. ஒரு ரெக்கார்டு நோட்டு தொலைந்தாலே நமக்கு அழுகை வருது. இவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை 46-ஆம் சங்கீதத்திலிருந்து ஒரு வசனத்தை எடுத்துப் பிரசங்கம் செய்தார். நம்மை எப்படி நடத்தவும் கடவுளுக்கு உரிமை உண்டு, நாம் அதற்கு அடங்கி இருக்க வேண்டும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். தெரிந்த வழியில் இரண்டாம் தடவை நடப்பது சுலபம் என்றும் நண்பருக்கு எழுதினார்.

இடிபாட்டைக் கிளறியபோது ஒரு ஆச்சரியம். ஃபவுண்டரி பிராக்டிஸ் படிக்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். முதலில் எஃகுத் துண்டில் எழுத்தை வெட்டி பஞ்ச் செய்வார்கள். அதைச் செம்பில் அடித்தால் மேட்ரிக்ஸ். அதில் ஈயக் கலவையை ஊற்றினால் அச்செழுத்து. ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். செம்பு உருக ஆயிரத்துக்கு மேல் வேண்டும், எஃகுக்கு அதைவிட அதிகம். ஆகவே எழுத்தெல்லாம் கட்டியாக உறைந்து கிடந்தாலும் பஞ்சும் மேட்ரிக்ஸும் தப்பித்திருந்தன! ஐந்து அச்சு இயந்திரங்களும் பிழைத்தன. சாம்பலுக்குள் இருந்த ஈயத்தைத் தோண்டி எடுத்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு கிடங்கில் ஆட்கள் முறை போட்டு ராப்பகலாக வார்த்தார்கள். 1813-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு செராம்பூரிலேயே அச்சாகி வந்தது. தீ விபத்துச் செய்தி கேட்டு இங்கிலாந்தில் சேர்ந்த பணமும் நஷ்டத்தை ஈடு செய்தது.

ஆனால் அகராதிக்கு மேட்ரிக்ஸ் ஏது? பன்மொழி அகராதி போனது போனதுதான்.

துக்கமும் அதோடு நிற்கவில்லை. இரண்டாவது மனைவி சார்லட் 1821-ல் இறந்தார். மறு வருஷம் மூத்த மகன் ஃபீலிக்ஸ். 1823-ல் தாமோதர் நதி வெள்ளம் வந்தபோது கேரி அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். வீடும் போச்சு. ஆசையாக வளர்த்த செடிகொடித் தோட்டத்தில் மண்ணும் மணலும் மூடிவிட்டது. அப்போது அவருக்கு வயது 62. எழுந்து நடக்க முடிந்ததும் விதைகளைச் சேகரித்து, அந்த மணலை அள்ளிவிட்டு மறுபடி நட ஆரம்பித்தார். 1834 ஜூன் 9-ல் சாகும்வரை அந்தத் தோட்டம் அவர் பார்வையிலேயே இருந்தது.